அழகுமலைக்குக் கொடுத்த நோட்டீஸ்

ஆனி 10, திங்கள்

இந்த நோட்டில் இது முதல் பக்கம். என் பெயர் மாடக்கண்ணு. வயது எழுபத்திரண்டு. ஊர் கோவில்பட்டி. இந்த நான்கு வரிகளை எழுதி முடிப்பதற்குள் குக்கரில் ஏழு விசில் வந்துவிட்டது. இன்றைக்குச் சோறு இல்லை, கஞ்சிதான். பரவாயில்லை. என் பெயரை நானே எழுதிவிட்டுக் குடிக்கும் கஞ்சி.

மாலை வகுப்பில் பதினோரு பெண்களும் நானும் படிக்கிறோம். தினமும் நாலு வரி எழுதுங்கள், நான் வாங்கிப் பார்க்க மாட்டேன், அதனால் பொய் எழுத வேண்டியதில்லை என்று டீச்சர் சொன்னார். நாற்பத்தைந்து வருடம் தீப்பெட்டிக் கம்பெனியில் பண்டல் தூக்கினேன். எந்தப் பண்டல் எந்த லாரிக்கு என்று லேபிளில் உள்ள படத்தைப் பார்த்துத்தான் ஏற்றுவேன். கிளி வடக்கே போகும். அன்னாசிப்பழம் கேரளாவுக்கு. ஒரு தடவைகூடத் தப்பு வந்ததில்லை. கிளியும் அன்னாசிப்பழமும் மட்டும் உள்ள உலகமாக இருந்திருந்தால் நான் பெரிய படிப்பாளி.

ஆனி 12, புதன்

வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை உள்ள எல்லாப் பலகைகளையும் படித்தபடி போனேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. எதற்குப் போனேன் என்பது மறந்துவிட்டது.

ஆனி 15, சனி

வாடகைக்காரர்களைப் பற்றி எழுத வேண்டும்.

போன தை மாதம் குளியலறையில் சோப்பு வழுக்கி விழுந்தேன். சோப்புதான். மூன்று மணி நேரம் அங்கேயே கிடந்தேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லி, அது பெங்களூரில் உள்ள என் மகள் வல்லி வரைக்கும் போய்விட்டது. அவள் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டில் யாராவது கூட இருக்க வேண்டும், இல்லையென்றால் காரோடு வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றாள். அதனால்தான் முற்றத்துக்கு அந்தப் பக்கம் உள்ள அறையை வாடகைக்கு விட்டேன்.

முதலில் வந்தவன் ஒரு பைனான்ஸ் கம்பெனிப் பையன். நான் ஐந்து மணிக்கு அவன் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். எனக்குச் சத்தம் போட்டுப் படித்தால்தான் எழுத்து மனதில் நிற்கும். அவன் ஆறு வாரம் நின்றான். அடுத்து வந்தவர் ஜவுளிக்கடை சேல்ஸ்மேன், நல்ல மனிதர். அவரைப் பார்க்கப் பெண் வீட்டார் வந்திருந்த நேரத்தில், ஜன்னலில் இருந்த டப்பாவை எடுத்து, 'மூல நோய்க்கான லேகியம், காலை மாலை இரு வேளை' என்று ஒரு எழுத்து விடாமல் படித்துக் காட்டினேன். அவரும் போய்விட்டார். இந்தக் காலத்து வாடகைக்காரர்களுக்குப் பொறுமை கிடையாது.

இப்போது இருப்பவர் அழகுமலை. பரமக்குடிக்காரர். ஐம்பத்தாறு வயது. பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ் சங்கத்துக்கு டைம் கீப்பர். குடும்பம் ஊரில் இருக்கிறது. இவர்தான் மூவரிலும் மோசம்.

மனைவியிடம் போனில் பேசினாலும் மதுரை பஸ் புறப்படுகிறது என்று அறிவிப்பது போலத்தான் பேசுகிறார். மோட்டார் சுவிட்ச் அவர் வசம் போய்விட்டது. என் சோப்பை எடுத்து மேல் பலகையில் வைத்துவிட்டு, குளியலறையில் கயிற்று மிதியடி போட்டிருக்கிறார். வாடகைக்காரர்களுக்காக நான் எழுதிச் சுவரில் ஒட்டியுள்ள எட்டு விதிகளுக்கும் கீழே, பென்சிலில், பார்த்த நேரம் 4.15, பார்த்த நேரம் 4.16 என்று எழுதி வைத்திருக்கிறார். நேற்று என் கட்டிலையும் தூக்கி வந்து முற்றத்தில் போட்டுவிட்டார். காற்று வருமாம். அந்த இடத்தில் காற்று வராது. நேர் எதிரே அவர் அறை வாசல்தான் வரும்.

ஆனி 21, வெள்ளி

குளிக்கும்போது கதவைத் தட்டுகிறார்.

"பெரியவரே, பன்னெண்டு நிமிஷம் ஆச்சு. உள்ளதான இருக்கீங்க?"

"இல்லய்யா, திருச்செந்தூர்ல கடல்ல முங்கிக்கிட்டிருக்கேன்."

"அப்ப சரி. இன்னும் மூணு நிமிஷம் பாப்பேன்."

என் வீடு, என் தண்ணீர், என் முதுகு. அதற்கு இவர் நேரம் கொடுக்கிறார்.

ஆனி 26, புதன்

வல்லி போன் பண்ணினாள். ஏன் இங்கே வந்து இருக்கக் கூடாது என்று மறுபடியும் கேட்டாள். பெங்களூர் குளிர் ஒத்துக்கொள்ளாது என்றேன். இது சித்திரையில் சொன்ன காரணம்தான் என்றாள். தண்ணீர் சேராது என்றேன். அது வைகாசியில் சொன்னதாம். இனிமேல் பொய்யையும் நோட்டில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

உண்மைக் காரணத்தை அவளிடம் சொல்ல முடியாது. இங்கே எழுதுகிறேன்.

பெங்களூரில் அவள் தெருவில் ஒரு பலகையில்கூடத் தமிழ் கிடையாது. வட்டம் வட்டமாக வேறு எழுத்து, இல்லையென்றால் இங்கிலீஷ். எழுபத்திரண்டு வயதில், எட்டு மாதம் முட்டி மோதிக் கற்றுக்கொண்டேன். அங்கே பஸ்ஸை விட்டு இறங்கிய நிமிடமே மறுபடியும் தற்குறி ஆகிவிடுவேன்.

இதைச் சொல்ல வேண்டியதுதானே என்றால், அப்பா அஞ்சாம் வகுப்பு படித்தவர் என்றுதான் வல்லி நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தினமும் காலையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவேன். பக்கத்தைத் திருப்புவேன். அவ்வப்போது நாக்கைச் சப்புக் கொட்டி, நாடு கெட்டுப்போச்சு என்பேன். அவள் மதிப்பெண் அட்டையை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, கணக்கில் இன்னும் கவனம் வேண்டும் என்பேன். எல்லாப் பிள்ளைக்கும் கணக்கில் கவனம் வேண்டியிருப்பதால் அது எப்போதும் சரியாகவே இருந்தது. உண்மை தெரிந்தவள் என் மனைவி மட்டும்தான். அவள் போய் ஆறு வருடம் ஆகிறது.

ஆனி 28, வெள்ளி

இன்று குளியலறையில் சீயக்காய் பாக்கெட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். சுவர் என் பக்கமாகக் கொஞ்சம் வந்த மாதிரி இருந்தது. அதன் மேல் சாய்ந்து படித்தேன். அழகுமலை வெகுநேரம் தட்டினாராம். படிப்பில் மூழ்கியவனுக்குக் காது கேட்குமா?

ஆனி 29, சனி

வகுப்புக்குப் போய்விட்டு வருவதற்குள் குளியலறையின் உள் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். நான்கு ஆணி ஓட்டை மட்டும் இருக்கிறது. கேட்டால், துருப்பிடித்துவிட்டது என்கிறார். துரு பிடித்தால் எண்ணெய் போடுவார்கள். வீட்டுக்காரனின் மானத்தையே கழற்றுவார்களா?

முடிவு செய்துவிட்டேன். காலி செய்யச் சொல்லப் போகிறேன். வாயால் இல்லை, எழுத்தில்.

ஆனி 30, ஞாயிறு

முதல் பிரதி. 'அன்புள்ள' என்று தொடங்கிவிட்டேன். காலி செய்யச் சொல்லும் கடிதத்தில் அன்பு எதற்கு? கிழித்துவிட்டேன்.

ஆனி 31, திங்கள்

இரண்டாம் பிரதி. தாழ்ப்பாளைப் பற்றி மட்டுமே இரண்டு பக்கம் வந்துவிட்டது. அவர் அறைக்கு வெளியே உட்கார்ந்துதான் எழுதினேன். என்ன எழுதுறீங்க என்றார். வீட்டுப்பாடம் என்றேன். விளக்கைப் போட்டுவிட்டுப் போனார்.

ஆனி 32, செவ்வாய்

மூன்றாம் பிரதி மிக அழகாக வந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதினேன். அதன் மேல் கஞ்சி கொட்டிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து.

ஆடி 1, புதன்

காலையில் கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே படித்தார். படித்து முடித்து, கடைசி வரிக்குக் கீழே 'பெறப்பட்டது 6.10' என்று எழுதினார். கையெழுத்து நல்லா வந்திருக்கு என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப் பெரும்பாடு பட்டேன்.

பிறகு சுவரில் இருந்த காலண்டரைக் காட்டினார்.

"ஆடி பிறந்தாச்சே பெரியவரே. ஆடியில யாரு சட்டி பானையத் தூக்குவா? இதை நேத்துக் குடுத்திருந்தா நேத்தே பொட்டியக் கட்டியிருப்பேன்."

ஆடி மாதத்தில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பது பிறந்த குழந்தைக்கும் தெரியும். காலண்டரில் தேதி படிப்பதுதான் நான் முதலில் கற்ற பாடம். மூன்று நாள் அழகுபடுத்தி எழுதி, எழுதக் கூடாத நாளில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். எழுதத் தெரியாதவனாக இருந்திருந்தால் சனிக்கிழமையே நாலு வார்த்தை திட்டி அனுப்பியிருப்பேன்.

ஆவணி ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்குக் காலி செய்வதாகச் சொன்னார். டைம் கீப்பர். சொன்னால் சொன்னதுதான்.

ஆடி 6, திங்கள்

வல்லிக்குத் தெரிந்துவிட்டது. அவள் அவ்வப்போது அழகுமலைக்குப் போன் பண்ணுகிறாள் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். ஆறு மாதத்தில் மூன்று பேரைத் துரத்தியாயிற்று, இனி பேச்சு இல்லை, ஆவணி பிறந்ததும் கார் வரும், துணிமணியை எடுத்து வையுங்கள் என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

வேறு ஆள் பிடித்துவிடலாம் என்று, 'வாடகைக்கு அறை உண்டு' என்று நானே ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டினேன்.

ஆடி 11, சனி

யாரும் வரவில்லை. ஆடியில் வீடு மாற மாட்டார்கள் என்பது மட்டுமில்லை. வீடு பார்க்கக்கூட வர மாட்டார்கள். பலகையைத் தினமும் ஒருவன் நின்று படிக்கிறான். அது நான்தான்.

ஆடி 13, திங்கள்

காலையில் பால் வாங்கி வரும்போது படியில் கொஞ்சம் உட்கார்ந்தேன். எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. பார்க்க நன்றாக இருந்தது. வெகுநேரம் பார்த்தேன் போலிருக்கிறது. பால் திரிந்துவிட்டது.

ஆடி 18, சனி

பதினெட்டாம் பெருக்கு. அழகுமலை ஊருக்குப் போயிருக்கிறார். மழை வந்தால் ஜன்னலைச் சாத்துங்கள் என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். மழை வரவில்லை. ஆனாலும் ஜன்னலைச் சாத்தப் போனேன்.

மேஜை மேல் நீள நோட்டு ஒன்று இருந்தது. புதிதாகப் படிக்கக் கற்றவன் கண்ணில் படும்படி நோட்டை வைத்துவிட்டுப் போனது அவர் தப்பு. பஸ் வரவு குறிக்கும் நோட்டு போலத்தான் கட்டம் போட்டிருந்தது. பஸ் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெரியவர்' என்று இருந்தது.

'5.40 உள்ளே. 5.52 வெளியே.' பக்கம் பக்கமாக இதேதான். வேவு பார்க்க வல்லி ஆள் வைத்திருக்கிறாள் என்று எனக்கு உடம்பு கொதித்தது. கோபத்தில் வேகமாகப் படிக்கலாம் என்றால் எனக்கு அந்த வேகம் வராது. ஒவ்வொரு எழுத்தாகத்தான் படிக்க வேண்டியிருந்தது.

'6.05 பேப்பர் வாசிப்பு. இன்று திக்கவில்லை.'

'ஆனி 28. 5.35 உள்ளே. 5.47 தட்டினேன். பதில் இல்லை. 5.48 பதில் இல்லை. 5.49 பதில் இல்லை. கதவை உடைக்கப் போனேன். 5.51 இருமினார். தாழ்ப்பாளைக் கழற்ற வேண்டும்.'

'ஆடி 13. 7.10 படியில் உட்கார்ந்தார். 7.31 எழுந்தார். மகள் போன். நன்றாக இருக்கிறார் என்றேன். பொய் சொன்னது தப்பு.'

'ஆடி 17. ஆவணி 1-க்குப் பிறகு யார் தட்டுவார்கள் என்று தெரியவில்லை.'

மாலை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நான் படித்து முடித்த முதல் புத்தகம் இது. என்னைப் பற்றிய புத்தகம். அதில் கதாநாயகன் பாதி நேரம் குளியலறையில் இருக்கிறான்.

ஆடி 20, திங்கள்

அழகுமலை திரும்பி வந்தார். ஜன்னலைச் சாத்தினேன் என்றேன். நோட்டு இடம் மாறியிருப்பதைப் பார்த்தார். எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார்.

காலி செய்ய வேண்டாம் என்று சொல்ல அரை மணி நேரம் சுற்றி வளைத்தேன். மோட்டார், கயிற்று மிதியடி, பரமக்குடியில் மழை என்று எல்லாம் பேசினேன். கடைசியில் அவரே கேட்டார்.

"இருக்கச் சொல்றீங்களா?"

"ஆமா."

"இருக்கேன். ஆனா தலை சுத்துறத உங்க மககிட்ட நீங்களே சொல்லணும். நான் ஒரு தடவை பொய் சொல்லிட்டேன். ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன்."

சொன்னால் கார் ஆவணிக்குக் காத்திருக்காது, நாளைக்கே வரும் என்றேன். வரட்டும், ஆனால் தெரிந்து வரட்டும் என்றார்.

ஆடி 23, வியாழன்

சொல்லவில்லை.

ஆடி 24, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை. இன்று அவள் போன் பண்ணினாள். கொத்தவரங்காய் விலையைச் சொன்னேன்.

ஆடி 25, சனி

சொல்லிவிட்டேன். இன்று எழுத்து கோணலாகத்தான் வரும்.

மாலையில் நானே போன் போட்டேன். தை மாதம் விழுந்தது சோப்பால் இல்லை, தலைசுற்றலால் என்றேன். குளியலறைச் சுவர், வாசல் படி, எறும்பு, எல்லாம் சொன்னேன். மாத்திரை என்ன, எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று நர்ஸ் குரலில் கேட்டுக்கொண்டாள். பிறகு, இனிமேல் எப்படியப்பா அங்கே விட்டு வைக்க முடியும், என்னதான் காரணம், ஒன்றே ஒன்று உண்மையாகச் சொல்லுங்கள் என்றாள்.

"தாயி, எனக்கு இப்பத்தான் படிக்கத் தெரியும். அங்க வந்தா மறுபடியும் தெரியாமப் போயிரும்."

அவளுக்குப் புரியவில்லை. எட்டு மாதமாக வகுப்புக்குப் போவதைச் சொன்னேன். பேப்பரை விரித்து வைத்து நடித்ததைச் சொன்னேன். மதிப்பெண் அட்டையைச் சொன்னேன்.

"அப்ப ஹாஸ்டல்ல இருந்து நான் போட்ட லெட்டரெல்லாம் யாருப்பா படிச்சா?"

நர்ஸ் படிப்புக்காக மதுரையில் ஹாஸ்டலில் இருந்தபோது வாரம் ஒரு கடிதம் போடுவாள். டீக்கடை கோமதிநாயகம் அண்ணாச்சிதான் படித்துச் சொல்வார் என்றேன். எல்லாத்தையுமா என்றாள். எல்லாவற்றையும்தான். கடிதங்கள் இருக்கின்றனவா என்று கேட்டாள். பெட்டியில் இருக்கின்றன, ஒன்றுகூடத் தொலைக்கவில்லை என்றேன். ஏற்கெனவே கேட்டதுதானே என்று, படிக்கக் கற்ற பிறகும் பிரித்துப் பார்த்ததில்லை.

"எடுத்துட்டு வாங்க. எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நன்றாகப் படித்துக் காட்டினால் மனது இளகுவாள் என்று நினைத்தேன். இந்தப் புத்தி எனக்கு எப்போதும் உண்டு. பெட்டியைத் திறந்து மேலே இருந்ததை எடுத்தேன். அழகுமலை ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டார்.

'அன்புள்ள அப்பா அம்மாவுக்கு' என்று வாசிக்கத் தொடங்கினேன். பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாள். அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது. இதுவரை அண்ணாச்சி படித்துச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அப்புறம் வந்த வரிகளை நான் கேட்டதே இல்லை.

'அப்பா, என்னால் இங்கே இருக்க முடியவில்லை. தினமும் அழுகிறேன். வருகிற சனிக்கிழமை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்டுக்கு வெளியே நிற்பேன்.'

அந்த 'நிற்பேன்' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். அண்ணாச்சி ஏன் இதை விட்டார் என்று தெரியவில்லை. பிள்ளையின் படிப்பு கெட்டுப்போகும் என்று நினைத்தாரோ, கடையில் கூட்டமாக இருந்ததோ. அவரும் இப்போது இல்லை.

"அன்னிக்குப் பொழுது சாயுற வரைக்கும் கேட்டுல நின்னேன்ப்பா. நீங்க படிச்சிட்டுத்தான் வரலைன்னு நினைச்சேன்."

"இன்னைக்கு வரைக்குமா?"

"இன்னைக்கு வரைக்கும். இருபத்து மூணு வருஷம்."

நான் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். அழகுமலை போனை மேஜை மேல் வைத்தார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்லவில்லை. நான் அறிந்து இதுதான் முதல் தடவை.

ஆடி 28, செவ்வாய்

வல்லி பேசவில்லை. கார் வருமா வராதா என்று தெரியாது. துணிமணியை எடுத்து வைத்தேன். மறுபடியும் எடுத்து மாட்டினேன்.

ஆடி 29, புதன்

நான் சனிக்கிழமை பெங்களூர் போகப் போகிறேன் என்று அழகுமலையிடம் சொன்னேன். இந்தச் சனிக்கிழமையா என்று கேட்டார். அவள் சொன்ன சனிக்கிழமை என்றேன். பிறகு டைரியை எடுத்து பஸ் நேரம் பார்த்தார். இரண்டு சீட்டு போட்டார். தனியாகப் போய்க்கொள்வேன் என்றேன். வழியில் பஸ் நிற்கும் இடத்தில் யார் கதவைத் தட்டுவது என்றார்.

ஆவணி 1, சனி. பெங்களூர், வல்லி வீடு

காலையில் இறங்கினோம். நான் பயந்தபடியே ஒரு எழுத்தும் தெரியவில்லை. டவுன் பஸ்ஸின் பலகையை அழகுமலை வெகுநேரம் பார்த்தார். முப்பது வருடம் பஸ் பலகையோடு வாழ்ந்தவர். என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். தெரியலை என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தைப் பெரிய மனிதத்தனமாக அடக்கிக்கொண்டேன். இரண்டு தற்குறிகளும் பத்துப் பேரிடம் கேட்டு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து.

வல்லிக்கு வேலை முடிவது இரண்டு மணிக்கு. போன் பண்ணலாமா என்றார் அழகுமலை. வேண்டாம் என்றேன். அவள் நின்றதில் பாதியாவது நான் நிற்க வேண்டும். பத்தரைக்குக் கால் நடுங்கியது. வாட்ச்மேனிடம் சைகை காட்டி அழகுமலை ஒரு நாற்காலி வாங்கி வந்து போட்டார். ஆகவே, நின்றேன் என்று எழுத முடியாது. கேட்டுக்கு வெளியே நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டேகாலுக்கு வந்தாள். வெள்ளைச் சீருடை, தோளில் பை. எங்களைத் தாண்டி நாலு அடி போய்விட்டுத் திரும்பினாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தியே, தாயி."

அவள் முகம் என்னவெல்லாமோ ஆயிற்று. அதை எழுத இன்னும் எட்டு மாதம் படிக்க வேண்டும்.

"ரொம்ப லேட்டுப்பா" என்றாள்.

பழக்கத்தில் அழகுமலை கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்த பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதைப் பார்த்து வல்லிக்கு அழுகையிலேயே சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரிடம்தான் கேட்டாள்.

"அண்ணே, ஊருக்குத் திரும்ப எத்தனை மணிக்கு பஸ்?"

"நாளைக்குச் சாயங்காலம் ஆறு இருபதும்மா. ரெண்டு சீட்டு."

"அப்ப நேரம் இருக்கு" என்று என் பையை வாங்கிக்கொண்டாள்.